ஒன்பது விசைகளும் ஒரு கடை மேசையும்



பொறியியலோ கணினியோ பயிலும் பிள்ளை ஒருவரேனும் இல்லாத உறவு வட்டம் நம் பங்குகளில் இன்று அரிது. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அப்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். படிப்பு முடிந்து வீடு திரும்பும் மகனிடமோ மகளிடமோ, "நீ கற்றதைக் கொண்டு நம் வீட்டுக்கு ஏதேனும் ஒரு பொருள் செய்து கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பலர் திகைத்து நிற்பர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கல்வி தாளிலும் திரையிலும் நின்றுவிட்டது. கைக்கு வந்து சேரவில்லை. அதனை அவர்கள் கைக்குக் கொண்டுவரும் வழி ஒன்றை இம்மாதம் நாம் எண்ணிப் பார்ப்போம்.

மின்னணுக் கருவி எதனையும் செய்தறியாத ஒருவர் முதன்முதலில் செய்வதற்கு ஏற்ற பொருள் ஒன்று உண்டு. அது ஒன்பது விசைகள் கொண்ட ஒரு சிறு விசைப்பலகை. கணினியோடு வாங்கும் வழக்கமான விசைப்பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் உள்ளன. எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பதை நமக்காக வேறு யாரோ எங்கோ முடிவு செய்து அனுப்பியுள்ளனர். நாம் கூறும் சிறு பலகையிலோ, ஒவ்வொரு விசையும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்பவரே எழுதி வைக்கிறார். வேண்டும்போது மாற்றியும் கொள்கிறார். ஓர் எழுத்தை அடிக்கலாம். ஒரு முழுச் சொல்லை அடிக்கலாம். ஒரு பக்கத்தை அச்சிடும்படி கணினிக்குக் கட்டளையும் இடலாம். தேவையான பாகங்களுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகாது.

யாருக்காகச் செய்வது?

கருவியைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே. இக்கேள்வியைக் கேளாமல் செய்யப்படும் பொருள்கள் ஒரு வாரம் வியப்பூட்டிவிட்டுப் பரணுக்குப் போகின்றன.

உடன்குடியை நம் வாசகர்கள் அறிவர். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர் அது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டியால் அவ்வூரின் பெயர் தமிழகம் எங்கும் பரவியுள்ளது. 2023-இல் அக்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்குக் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்வோம்.

தந்தைக்கு வயது அறுபது. கருப்பட்டியை உடைத்து வாயிலிட்ட அளவிலேயே, அது தூய்மையானதா, சர்க்கரை கலந்ததா என்று சொல்லிவிடுவார். கணக்கில் ஒரு பைசா தவறாது. ஆயினும் கடைக்குக் கணினி வந்த நாள்முதல், பில் அடிப்பதற்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவராகிவிட்டார். விசைப்பலகையில் உள்ளவை ஆங்கில எழுத்துகள். அவை அவர் பள்ளியில் கற்ற அகர வரிசையிலும் இல்லை, ஆங்கில வரிசையிலும் இல்லை. ஒரு சொல்லை அடிப்பதற்குள் வாங்க வந்தவர் பொறுமை இழக்கிறார். கல்லூரி முடிந்து மாலையில் மகள் வந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கிறது. அவளோ அடுத்த ஆண்டு வேலைக்கு வெளியூர் செல்லவிருக்கிறாள். முப்பது ஆண்டுகளாகத் தாமே நடத்திய கடையில் இனித் தமக்கு என்ன இடம் என்னும் கவலை அவருக்கு உண்டாகிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்போது மகள் ஒரு மாலைப் பொழுது தந்தையின் அருகில் அமர்ந்து கடையை உற்று நோக்கட்டும். அவர் நாள் முழுவதும் எழுத வேண்டிய சொற்கள் மிகச் சிலவே என்பதைக் காண்பாள். கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆகியவை முதல் வரிசைக்கு வரும். அரைக் கிலோ, ஒரு கிலோ, ஐந்து கிலோ ஆகியவை இரண்டாம் வரிசைக்கு வரும். அடுத்த வரி, அழி, அச்சிடு என்னும் மூன்று கட்டளைகள் கடைசி வரிசைக்கு வரும். மூன்று வரிசைகளில் ஒன்பது விசைகள் அமைந்துவிட்டன. ஒவ்வொன்றின் மீதும் தமிழிலேயே சொல் எழுதி ஒட்டிவிடலாம். வேறு பொருள்களையும் விலைகளையும் அடிக்கப் பெரிய விசைப்பலகை பக்கத்தில் இருக்கவே இருக்கிறது.

விசை அனுப்புவது எண்ணே

இக்கருவியைச் செய்பவர் முதலில் தெரிந்துகொள்ளும் உண்மை வியப்பானது. விசையின் தலையில் எழுத்து அச்சிடப்பட்டிருந்தாலும், விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. ஓர் எண்ணையே அனுப்புகிறது. யு.எஸ்.பி. முறையில் இவ்வெண்கள் உலகெங்கும் ஒன்றே. ஆங்கில 'ஏ' பொறித்த விசைக்கு எண் 4. 'பி' விசைக்கு 5. இப்படியே சென்று 'இசட்' விசைக்கு 29. அடுத்த வரிக்குச் செல்லும் என்டர் விசைக்கு 40. அந்த எண்ணுக்கு எந்த எழுத்தைத் திரையில் காட்டுவது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. ஆங்கில அமைப்பு நடப்பில் இருந்தால் 11 என்னும் எண்ணுக்கு 'எச்' தோன்றும். தமிழ்99 என்னும் அமைப்பு நடப்பில் இருந்தால் அதே எண்ணுக்குக் 'க' தோன்றும். விசை ஒன்றே, எண்ணும் ஒன்றே. பொருள் மட்டும் உடன்பாட்டால் மாறுகிறது.

ஆகவே நம் கடைக்காரரின் முதல் விசை செய்ய வேண்டியது இவ்வளவே. அதனை அழுத்தியதும் 11, 16, 7, 13, 13, 18, 18, 22 என்னும் எட்டு எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும். தமிழ்99 அமைப்பில் அவை க, ர, உ, ப, ப, ட, ட, இ என்று பொருள்படும். கணினி அவற்றைக் கூட்டிக் 'கருப்பட்டி' என்று எழுதிவிடும். புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் நாம் புள்ளிக்கென எதையும் அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்தமையும்படி அவ்வமைப்பு வகுக்கப்பட்டுள்ளது.

நானூறு ஆண்டுக் கேள்வி

தமிழின் 247 எழுத்துகளையும் ஒரு பொறிக்குள் எப்படி அடக்குவது என்னும் கேள்வி புதிதன்று. அக்கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், புன்னைக்காயலில் வாழ்ந்து பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் ஆவார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சிடப்பட்ட முதல் நூல். அதற்கான அச்செழுத்துகள் முதலில் 1577-இல் கோவாவில் உருவாக்கப்பட்டன. மறு ஆண்டே கொல்லத்தில் வேறு எழுத்துகள் உருவாக்கப்பட்டன. அக்கால முறையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி உலோகத் துண்டு வேண்டும். எழுத்துகளின் தொகை பெருகப் பெருக வேலையும் பெருகியது.

இருபதாம் நூற்றாண்டில் தட்டச்சுப் பொறி வந்தபோது நெருக்கடி கூடிற்று. உலோகத் துண்டுகளை வேண்டிய அளவு வார்க்கலாம். தட்டச்சுப் பொறியிலோ சில பத்து விசைகளுக்கு மேல் இடமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். சில குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படியான விசைகளை அவர் அமைத்தார். அதனால் குறி ஒரு விசையிலும் எழுத்து ஒரு விசையிலும் இருந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ஓர் எழுத்தாயின. அவர் வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டுத் தமிழர் வாழும் நாடுகளுக்கு வந்தது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, தமிழ்நாட்டு அரசு தமிழ்99 அமைப்பை ஏற்றுக்கொண்டது. இதில் வடிவங்களுக்கு விசை இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளுக்கு மட்டுமே விசைகள் உள்ளன; 216 உயிர்மெய்களையும் கணினியே கூட்டி எழுதிக்கொள்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைகின்றன. நம் முன்னோர் உயிரும் மெய்யும் என்று வகுத்த இலக்கணமே இங்குப் பொறியின் இலக்கணமாக ஆகிவிட்டது.

இவர்கள் அனைவரும் மொத்தத் தமிழுக்கும் விடை தேடினர். நம் மகள் தேடுவது ஒரு கடைக்கான விடை. அளவில் சிறியதாயினும் வேலையின் தன்மை ஒன்றே: இருக்கும் சில விசைகளைக் கொண்டு, எழுதுபவரின் தேவையை நிறைவேற்றுவது.

செய்யும் முறை

தேவையானவை: ஒரு சிறு மின்னணுப் பலகை, ஒன்பது விசைகள், அவற்றின் தொப்பிகள், சிறிதளவு மெல்லிய கம்பி, யு.எஸ்.பி. கம்பி ஒன்று, ஒரு பெட்டி. மின்னணுப் பலகைகளுள் ராஸ்பெர்ரி பை பிகோ தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. பிரிட்டனைச் சேர்ந்த நிறுவனம் 2021 ஜனவரியில் அதை 4 டாலர் விலையில் வெளியிட்டது. அதன் அகலம் 21 மில்லிமீட்டர், நீளம் 51 மில்லிமீட்டர். நம் பயனுக்கு 26 இணைப்பு முனைகள் அதில் உள்ளன.

வயரிங் எளிது. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு கால்கள் உண்டு. ஒன்பது விசைகளின் ஒரு காலையும் ஒரே கம்பியால் இணைத்துப் பலகையின் 'கிரவுண்டு' முனையில் சேர்க்க வேண்டும். மறு கால்களை ஒவ்வொன்றாக ஒன்பது முனைகளில் சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் பத்து இணைப்புகள். அழுத்தாத விசையின் முனையைப் பலகை தனக்குள் இருக்கும் ஒரு மின்தடையால் 3.3 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். விசையை அழுத்தினால் அது கிரவுண்டைத் தொட்டுச் சுழியத்துக்கு இறங்கும். இந்த இறக்கத்தைக் கண்டுதான் பலகை, 'விசை அழுந்தியது' என்று அறிகிறது.

104 விசைகள் கொண்ட பெரிய பலகையில் இப்படி விசைக்கு ஒரு கம்பி என்று இழுக்க இயலாது. அங்கு வேறு முறை உண்டு. ஆலயத்தில் எட்டாவது வரிசையில் பதின்மூன்றாவதாக அமர்ந்திருப்பவர் என்றால் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா? அதுபோல 8 கிடைக் கம்பிகளும் 13 நெடுங்கம்பிகளும் குறுக்கும் நெடுக்குமாகச் சென்றால், 21 கம்பிகளிலேயே 104 விசைகளை அடையாளம் காணலாம். ஒன்பது விசைகளுக்கு அந்தச் சிக்கல் வேண்டியதில்லை. முதற் கருவியைச் சிறியதாக வைத்துக்கொள்வதில் உள்ள நன்மை இது.

ஒன்பது விசைகளையும் ஒரேயடியாக இணைக்க வேண்டாம். முதலில் ஒரு விசையை மட்டும் இணைத்து, அதனை அழுத்தினால் திரையில் ஓர் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். அது வந்த பிறகே இரண்டாவதற்குச் செல்ல வேண்டும். ஒன்பதையும் இணைத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால், தவறு எங்கே என்று தேடுவதிலேயே ஆர்வம் வடிந்துவிடும்.

பலகைக்கான கட்டளைகளை எழுதச் சர்க்கிட்பைத்தான் என்னும் இலவச மென்பொருள் ஏற்றது. பிகோவின் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி கணினியோடு இணைத்தால், அந்த மென்பொருளைப் பலகையில் ஏற்றலாம். அதன் பிறகு பலகை கணினியில் ஒரு சிறு வட்டுப்போலத் தோன்றும். அதற்குள் இருக்கும் ஒரு கோப்பைத் திறந்து, எந்த விசைக்கு எந்த எண்கள் என்று எழுதிச் சேமித்தால் போதும். கோடைக்குப் பிறகு ஒரு சரக்கு நின்று வேறொன்று வந்தால், கோப்பில் ஒரு வரியை மாற்றினால் விசை மாறிவிடும்.

பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். வழக்கமான விசைகளுக்கு 14 மில்லிமீட்டர் சதுரத் துளை வேண்டும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். உள்ளூர்த் தச்சரிடம் அளவைக் கொடுத்தால் மெல்லிய பலகையில் துளையிட்டுத் தருவார். பனம்பலகையில் அமைத்தால் உடன்குடிக் கடைக்கு அது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, விசையின் துள்ளல். ஒரு சிரட்டையைத் தரையில் போட்டால், நிலைபெறுமுன் சிலமுறை துள்ளுகிறது. விசைக்குள் இருக்கும் உலோகத் தகடும் அவ்வாறே சில ஆயிரத்திலொரு நொடிகள் துள்ளுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. மின்னணுப் பலகைக்கோ தெரியும். ஒருமுறை அழுத்தியதை மூன்றுமுறை என்று எண்ணிவிடக்கூடும். பில்லில் ஒரு கருப்பட்டி மூன்று கருப்பட்டியானால், வாங்க வந்தவர் கடைக்காரரின் நேர்மையை அல்லவா ஐயுறுவார்? விசையை ஐம்பதில் ஒரு நொடிக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும்படி எழுதினால் இத்தொல்லை நீங்கும். சர்க்கிட்பைத்தானில் இதற்கான வசதி முன்னரே உள்ளது.

இரண்டாவது, கணினியில் தமிழ்99 அமைப்பு நடப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் அது உள்ளமைந்துள்ளது. ஆங்கில அமைப்பு நடப்பில் இருக்கும்போது முதல் விசையை அழுத்தினால், 'எச், எம், டி, ஜே, ஜே, ஓ, ஓ, எஸ்' என்று பொருளற்ற எட்டு எழுத்துகள் விழும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அமைப்பை மாற்றினால் போதும். எண்களை மிக விரைவாக அனுப்பினால் சில கணினிகள் ஓரிரண்டைத் தவறவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே சிறு இடைவெளி விட வேண்டும்.

மூன்றாவது, யு.எஸ்.பி. கம்பி. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே விற்கப்படும் சில கம்பிகளில் செய்தி செல்லும் இழைகள் இரா. அவற்றால் இணைத்தால் பலகைக்கு மின்சாரம் வரும். கணினியோ அதனை அறியாது. கருவி பேசாமல் இருந்தால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

நான்காவது, வங்கிக் கடவுச்சொல் முதலியவற்றை விசையில் எழுதி வைக்கலாகாது. பலகையைக் கணினியில் செருகும் எவரும் அக்கோப்பைத் திறந்து படித்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். இக்கருவியில் ஓடுவது 5 வோல்ட் மட்டுமே; ஆகவே அதிர்ச்சி பற்றிய அச்சம் வேண்டாம். சுவரிலுள்ள மின்இணைப்பில் நேரே எதனையும் செருகாமல் இருந்தால் போதும். ஆனால் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு 300 டிகிரிக்கு மேல் சூடேறும். சிறு பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்தில் படாமல் செய்ய வேண்டும். பற்றவைக்கும் கம்பியில் ஈயம் கலந்திருப்பதால், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

மேசைக்குப் போன பிறகு

கருவி முடிந்துவிட்டது, தந்தையின் மேசையில் வைத்தாயிற்று. இனி மகளுக்கு வேலை இல்லை என்று எண்ணலாமா? உண்மையான வேலை இங்குத்தான் தொடங்குகிறது. ஒரு வாரம் அவர் அதனைப் பயன்படுத்தும் விதத்தைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். 'அழி'யை அழுத்தப் போய் அவர் விரல் 'அச்சிடு'மீது விழக்கூடும். அவ்விரண்டையும் எட்ட வைக்க வேண்டும். ஐந்து கிலோ கேட்பவர் அரிதாகவும் கால் கிலோ கேட்பவர் பலராகவும் இருக்கக்கூடும். அவ்விசையை மாற்ற வேண்டும். எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்று அவர் கண்ணைச் சுருக்கக்கூடும். பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். கோவாவில் செய்த அச்செழுத்துகளோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. மறு ஆண்டே கொல்லத்தில் மீண்டும் செய்தனர். ஒரு விசையை மாற்ற நமக்கு ஓர் ஆண்டு வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

இவ்வாறு ஒரு வாரம் கவனித்த மகள் கம்பி இணைப்பையும் எண்களையும் மட்டும் கற்கவில்லை. கருவியை மனிதருக்கேற்ப மாற்றலாம், மாற்றவும் வேண்டும் என்பதைக் கற்கிறாள். நாளை அவள் பெரிய நிறுவனம் ஒன்றில் ஆயிரமாயிரம் பேருக்கான கருவியை வகுக்க நேர்ந்தால், உடன்குடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசை தேடிய தந்தையின் முகம் அவளுக்கு நினைவு வரும். தந்தையும், மகள் வெளியூர் சென்ற பிறகு தம் கடையில் தம் கையாலேயே பில் அடிப்பார்.

கடைக்கு மட்டுமன்று, இம்முறை வேறு பல இடங்களுக்கும் பொருந்தும். சான்றிதழ்களில் ஒரே தொடரை நாள்தோறும் அடிக்கும் பங்கு அலுவலகத்துக்கு ஒன்று செய்யலாம். விரல் நடுக்கத்தால் சிறு விசைகளை அழுத்த இயலாத பாட்டிக்கு, உள்ளங்கை அளவுள்ள ஒரே பொத்தானால் பேரனை அழைக்கும்படி ஒன்று செய்யலாம். ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடிய அன்பருக்கு, அக்கைக்கு எட்டும்படி ஒன்று செய்யலாம்.

பெற்றோரே, வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாயும் மேசையில் சிறிது இடமும் கொடுங்கள். அவ்விடம் சில நாள் கம்பியும் துண்டுப் பலகையுமாகக் கிடந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகளே, முதல் கருவியை வீட்டில் ஒருவருக்கென்று செய்யுங்கள். எந்தச் சொல்லை அவர் அடிக்கடி எழுதுகிறார் என்று அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டு, அந்தச் சொல்லையே முதல் விசையில் வையுங்கள்.